மகிழினி என்று யாரும் இல்லை

செப்டம்பர் 24, புதன்

காலையிலிருந்து தூறல். துவைத்துப் போட்டது ஒன்றும் காயவில்லை. அவருடைய பேன்ட் இரண்டும் அடுப்படிக் கொடியில்.

செய்ய வேண்டியவை: எதிர்வீட்டு சரோஜா அக்கா பிளவுஸுக்குக் கொக்கி. ஆயுத பூஜைக்கு முன்னால் தைத்துக் கொடுக்க வேண்டியது இன்னும் ஒரு மூட்டை. குட்டிக்குச் சளி மருந்து. தசரா லீவு விட்டு இந்த லட்சணம், ஒரே இருமல்.

மத்தியானத்துக்கு முன்னால் வாசலில் ஸ்கூட்டர் சத்தம். புது போஸ்ட்மேன். பங்காருப்பேட்டைப் பக்கத்துப் பையன், பாதி கன்னடம் பாதி தமிழ்.

"மகிழினி அந்த்ரே யாரம்மா?"

அவன் கையில் மஞ்சள் கவர். கையால் எழுதின விலாசம். செல்வி க. மகிழினி என்று இனிஷியலோடு.

"அப்படி யாரும் இங்க இல்லியே." வாய் தானாகச் சொன்னது.

"நம்பர் இதுதானே அம்மா? லைன் இதுதானே?"

"நம்பர் இதுதான். அந்தப் பேர்ல ஆளு இல்ல."

கவரையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். போய்விட்டான். குட்டி மருந்து குடித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். நல்ல வேளை. முழித்திருந்தால் "நான்தான் மகிழினி" என்று ஓடி வந்திருப்பாள்.

எழுதினால் மனசு கொஞ்சம் அடங்கும்.

இந்த வீடு எங்கள் பேரில் இல்லை. அவருடைய பெரியப்பா முனிரத்னத்துக்குத் தங்க மைனில் வேலை இருந்தபோது கொடுத்த குவார்ட்டர்ஸ். பெரியப்பா போய்ச் சேர்ந்தாயிற்று. மகன் மோகன் ஓசூரில். "சும்மா பூட்டி வச்சா ஓட்டப் பிரிச்சிகினு பூடுவானுங்க அண்ணி, நீங்க இருங்க" என்று சாவியைக் கொடுத்தான். இருக்கிறோம். இருக்கிறோம் என்று எங்கும் எழுதிக் காட்டவில்லை, அவ்வளவுதான். ஆதார், ரேஷன், குட்டியின் நர்சரி அட்மிஷன் எல்லாம் ஆண்டர்சன்பேட்டை அம்மா வீட்டு விலாசம். கேஸ் சிலிண்டர் கூட அங்கே இறங்கி ஆட்டோவில் இங்கே வரும். கரண்ட் பில் பெரியப்பா பேரில் வரும், நான் வாங்கிக் கட்டுவேன்.

மைன் கம்பெனியில் குவார்ட்டர்ஸை யார் பேரில் இருக்கிறதோ அவர்களுக்கே எழுதிக் கொடுக்கப் போகிறார்கள், அதற்கு முன்னால் வெளியாட்களைக் கண்டுபிடித்துக் காலி செய்வார்கள் என்று பேச்சு. எப்போதும் உள்ள பேச்சுதான். இந்த வருஷம் கொஞ்சம் அதிகம்.

அப்படியிருக்க இந்த நம்பருக்கு என் பிள்ளை பேரில் லெட்டர் போட்டது யார்?

செப்டம்பர் 25, வியாழன்

வெயில் வந்தது. துணி காய்ந்தது.

நேற்று ராத்திரி அவரிடம் சொன்னேன். விடியாமல் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூர் போய், இருட்டிய பிறகு வருகிற மனிதர். சாப்பிடும்போதே பாதித் தூக்கம்.

"நாலு வயசுப் புள்ளைக்கு யாரு லெட்டர் போடுவாங்க?"

"அதான் நானும் கேக்கறேன்."

"கையில எழுதியிருந்துச்சின்ற. ஆபீஸ் லெட்டர்னா பிரிண்ட்லதானே வரும்?"

"பிரிண்ட்ல வந்தா நாம உஷாராயிடுவோம்னு கையில எழுதியிருப்பாங்க."

"அனுப்பினது யாருன்னு பின்னாடி பாத்தியா?"

"கையில வாங்கினாத்தானே பின்னாடி பாக்கறதுக்கு?"

ரசம் ஊத்து என்றார். அவருக்கு அவ்வளவுதான். வீடு போனால் ரயிலிலேயே குடித்தனம் நடத்திவிடுவார் போல.

யோசிக்க யோசிக்க எனக்குத் தெளிவாகிறது. பெரியவர்கள் பேரில் போட்டால் வாங்க மாட்டார்கள் என்று தெரிந்த யாரோ பிள்ளை பேரில் போட்டிருக்கிறார்கள். பிள்ளைக்கு லெட்டர் என்றால் பெற்றவள் ஆசையாகக் கை நீட்டுவாள். நீட்டினால் இங்கே குடியிருக்கிறோம் என்று ஒப்புக்கொண்ட கணக்கு. என் காதில் பூ சுற்றப் பார்க்கிறார்கள்.

யார் யார்?

எதிர்வீட்டு ச. அக்கா. அவள் தம்பி ஒருத்தன் வீடில்லாமல் அலைகிறான். இந்த வீட்டின் மேல் அவனுக்கு ஒரு கண். "உங்க வீட்ல தண்ணித் தொட்டி பெரிசுல்ல?" என்று போன மாதம் கேட்டான். தொட்டியைப் பற்றி அவனுக்கு என்ன?

மோகன். கொடுத்த சாவியைத் திருப்பிக் கேட்க வாய் வராமல் இப்படிச் சுற்றி வளைக்கிறானோ?

போஸ்ட்மேன். எட்டி உள்ளே பார்த்தான். வாசலில் கிடந்த சின்னச் செருப்பைக் கட்டாயம் பார்த்திருப்பான்.

செருப்பை உள்ளே எடுத்து வைத்தாயிற்று.

சாயங்காலம் குட்டியை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். யாராவது வந்து மகிழினி இருக்காளா என்று கேட்டால் இல்லை என்று சொல்ல வேண்டும்.

"நான்தானே மகிழினி?"

"ஸ்கூல்ல. வீட்ல நீ குட்டி."

"அப்போ மகிழினி எங்க போனா?"

இதற்கெல்லாம் பதில் சொல்லி மாளாது. ஆட்டம் மாதிரி ஆக்கினேன். நான் வெளியே போய்க் கதவைத் தட்டி ஆம்பளைக் குரலில், "மகிழினி இருக்காளா?" அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அப்படி யாரும் இங்க இல்ல அண்ணா." அண்ணா நான் சொல்லிக்கொடுத்ததில்லை, அவளே சேர்த்துக்கொண்டது. சரியாகச் சொன்னால் ஒரு கடலை உருண்டை. முதலில் சிரித்துச் சிரித்துக் கெடுத்தாள். அப்புறம் டாணென்று வந்தது. ராத்திரி அவர் வந்து கதவைத் தட்டியபோதும் அதையே சொன்னாள். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும்தான்.

செப்டம்பர் 27, சனி

தண்ணீர் வரும் நாள். காற்று. மைன் கழிவு கொட்டின சயனைடு மேட்டுப் புழுதி எல்லாம் குடத்துக்குள்.

குழாயடியில் காதில் விழுந்தவை:

"நாலாவது லைன்ல ஒருத்தருக்கு லெட்டர் வந்துச்சாம், வாங்கிட்டாங்களாம்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, ஆளுங்க வந்து வீட்டப் போட்டோ புடிச்சிகினு போனாங்களாம்."

"யாரு பாத்தது?"

"எல்லாரும் சொல்றாங்க."

யாரும் பார்க்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். இந்த ஊர் அப்படி.

ச. அக்கா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். "உங்க வீட்டாண்ட இன்னாமோ லெட்டர் வந்துச்சாமே. திருப்பிட்டியாமே?"

"பெரியப்பா பேர்ல இன்னாமோ தப்பா வந்துச்சிக்கா."

"ஓ. புள்ள பேருன்னு சொன்னானே."

எவன் சொன்னான்? போஸ்ட்மேனா? இவளுக்கும் அவனுக்கும் என்ன பேச்சு? கேட்டால் நானே மாட்டிக்கொள்வேன். சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன்.

இன்றிலிருந்து குட்டியின் கவுன்கள் உள்கொடியில். வெளியே விளையாட விடவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டுப் பூனையோடு பேசிக்கொண்டிருந்தாள். பாவமாகத்தான் இருந்தது. வீடு இல்லையென்றால் இதைவிடப் பாவம்.

செப்டம்பர் 29, திங்கள்

மேகமூட்டம். பாபின் நூல் தீர்ந்தது. சிவப்பு, ராமர் பச்சை வாங்க.

போஸ்ட்மேன் மறுபடியும். "முனிரத்னம்?" என்றான். ஏதோ சொசைட்டி மீட்டிங் கார்டு. "ஆமா, குடுங்க" என்று வாங்கிக்கொண்டேன். பெரியப்பா போய்ச் சேர்ந்தது சொசைட்டிக்குத் தெரியாது போல.

போகிற போக்கில் திரும்பி, "மகிழினி?" என்றான். சும்மா கேட்டது போலத்தான் கேட்டான். உள்ளேயிருந்து டாணென்று குரல்:

"அப்படி யாரும் இங்க இல்ல அண்ணா!"

அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. தலையை ஆட்டிக்கொண்டு போனான். நான் உள்ளே போய்க் குட்டியைத் தூக்கி முத்தம் கொடுத்தேன். கடலை உருண்டை இரண்டாகக் கொடுத்தேன்.

இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது. செத்துப்போனவர் பேரைச் சொன்னால் ஆமாம் என்கிறேன். உயிரோடு இருக்கிற பிள்ளையை இல்லை என்கிறேன். சாமி என்ன நினைக்குமோ. அடுத்த நிமிஷமே, சாமியா வந்து வாடகை வீடு பார்த்துக் கொடுக்கும் என்றும் தோன்றியது.

ராத்திரி மோகன் போன். "எல்லாம் நல்லா கீதா அண்ணி? யாருனா வந்தாங்களா?"

யாராவது வந்தார்களா என்று ஏன் கேட்கிறான்? இதுவரை கேட்டதில்லை.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

பூசணி, எலுமிச்சை, பொரி, சாமந்தி. மெஷினுக்குக் குங்குமம். பெரியப்பாவின் பழைய மைன் ஹெல்மெட்டுக்கும் பொட்டு, இது மோகன் வைத்தது. காலையிலேயே ஓசூரிலிருந்து பைக்கில் வந்துவிட்டான்.

வந்தவன் காபியை வைத்துக்கொண்டு சுவரையே பார்த்தான். அப்புறம் கூரை. அப்புறம் பின்பக்கம் போய்த் தொட்டியைப் பார்த்தான். எல்லோருக்கும் அந்தத் தொட்டி மேல் என்ன?

"செவுரு ஊறிகினு கீது அண்ணி. மழைக்கு முன்ன பூசணும்."

பூசி யாருக்குக் கொடுக்கப் போகிறான்? அவன் குளிக்கப் போனதும் பையை லேசாகத் திறந்து பார்த்தேன். அப்படிப் பார்க்கிறவள் இல்லை நான். ஆனால் பார்த்தேன். ஒரு துண்டு, ஒரு சீப்பு, குட்டிக்கு ஒரு ரோஸ் கலர் ஃப்ராக். அடியில் வேறு ஒன்றும் இல்லை.

ஃப்ராக் நல்ல துணி. தையலும் சுத்தம். அதற்காக நம்பிவிட முடியுமா? கேட்டுவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. கேட்டு, அவன் "ஆமா அண்ணி, நானே சொல்லணும்னு இருந்தேன்" என்று ஆரம்பித்துவிட்டால்? பொரியை நீட்டினேன், சாப்பிட்டான், போனான்.

குட்டி ஃப்ராக்கைக் கழற்ற மாட்டேன் என்று அதிலேயே தூங்கினாள்.

அக்டோபர் 4, சனி

நல்ல வெயில். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட். கத்திரிக்காய், நூல், குட்டிக்கு வளையல்.

வளையல் கடையில் ரேகா. நர்சரியில் குட்டியோடு படிக்கிற ஜீவனின் அம்மா. பார்த்ததும் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு மிஸ் லெட்டர் வந்துச்சா?"

"என்ன லெட்டர்?"

"ஷீலா மிஸ் லீவுல எல்லாப் புள்ளைங்களுக்கும் போஸ்ட்ல லெட்டர் போட்டிருக்காங்களே! தனித்தனியா, அவங்கவங்க பேர் போட்டு. மஞ்சக் கவரு. எங்காளு தலகாணி கீழ வச்சிகினு தூங்கறான். குளிக்கப் போறப்போ கூட எடுத்துகினு போறான், எழுத்தெல்லாம் அழிஞ்சே போச்சு. 'நீ பென்சில ஒடைக்காம வச்சிக்கிறியா'ன்னு கேட்டு எழுதியிருக்காங்க. அவன் பென்சில் ஒடைக்கறது அவங்களுக்கு எப்படி ஞாபகம் பாருங்க!"

மஞ்சள் கவர்.

வந்துச்சு என்பதா, வரவில்லை என்பதா? அதற்குள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்: "எனக்கு வரல."

"வரும்டா கண்ணு, போஸ்ட்மேன் மெதுவா வருவாரு" என்றாள் ரேகா.

ஆட்டோவில் வரும்போது குட்டி புது வளையலை உருட்டிக்கொண்டே வந்தாள். இறங்கும்போது, "மிஸ்ஸுக்கு என்னைப் புடிக்காதா?" என்றாள்.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக் கேட்டேன். "நம்ம வீடு எங்க கீதுன்னு மிஸ்கிட்ட சொன்னியா?"

தரையைப் பார்த்தாள். அதட்டினேன். நேராக நின்று, கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு, பாட்டு மாதிரி ஒரே மூச்சில்: "மைசூர் மைன்ஸ், ஏழாவது லைன், பன்னெண்டாம் நம்பர் வீடு, மாரிக்குப்பம் போஸ்ட்!"

"யாரு சொல்லிக்குடுத்தது?"

"அப்பா. வழி தெரியாம போயிட்டா போலீஸ் அங்கிள்கிட்ட சொல்றதுக்கு. எல்லாரும் வீடு எங்கன்னு அப்பாகிட்ட கேட்டுகினு வரணும்னு மிஸ் சொன்னாங்க. நான்தான் கரெக்டா சொன்னேன். மிஸ் எழுதிகிட்டாங்க."

ரயிலில் தூங்கும் மனிதர் செய்த வேலை! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சரோஜா அக்கா, அவள் தம்பி, மோகன், போஸ்ட்மேன் என்று ஊரையே சந்தேகப்பட்டேன். வீட்டுக்குள்ளிருந்தே விலாசம் போயிருக்கிறது.

கோபத்தில் கத்தினேன். எதற்காகக் கத்துகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் அழவும் இல்லை. புது வளையலைக் கழற்றி மெஷின் மேல் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ராத்திரி அவரைப் பிடித்தேன். "பெத்த புள்ள காணாம போயிடக் கூடாதுன்னு சொல்லிக்குடுத்தேன்" என்றார். "நீ அவள இல்லன்னு சொல்லச் சொல்லிக்குடுத்தே." சொல்லிவிட்டுப் பாயை விரித்தார். இன்னும் பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

அக்டோபர் 6, திங்கள்

மழை. குடை கம்பி உடைந்தது.

குட்டியை அம்மா வீட்டில் விட்டுவிட்டு போஸ்ட் ஆபீஸ் போனேன். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு அம்மா.

"ஒரு லெட்டர் தப்பா திரும்பிப் போயிடுச்சுங்க."

"யார் பேருக்கு?"

சொன்னேன்.

"எந்த விலாசம்?"

பின்னால் வரிசை. எட்டிப் பார்த்தேன். ச. அக்காவின் தம்பி நின்றுகொண்டிருந்தான், கையில் ஏதோ பாஸ்புக். நிஜமாகவே அவனுக்கு போஸ்ட் ஆபீஸில் வேலை இருந்ததா, என் பின்னாலேயே வந்தானா? நல்லா இருக்கீங்களா அக்கா என்று சிரித்தான்.

"அம்மா, விலாசம் சொல்லுங்க" என்றார் ஜன்னல் அம்மா.

நாலு வயசுப் பிள்ளை கையைத் தொடையில் ஒட்டிக்கொண்டு கணீரென்று சொன்ன விலாசம். எனக்கு வரவில்லை.

"அப்புறம் வரேங்க" என்று வெளியே வந்துவிட்டேன். மழையில் நனைந்தேன். அசிங்கமாக இருந்தது. என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

அக்டோபர் 8, புதன்

நர்சரி திறந்தது. குளிர்.

குட்டிக்குக் காலையில் வயிற்று வலி. நாக்கை நீட்டச் சொன்னேன், ஒன்றுமில்லை. "எல்லாரும் லெட்டர் எடுத்துகினு வருவாங்க" என்று தலையணைக்குள் சொன்னாள். தூக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. நந்திதுர்க் இறக்கம் வரை முகத்தை என் தோளிலிருந்து எடுக்கவில்லை.

கேட்டிலேயே எல்லாப் பிள்ளைகள் கையிலும் மஞ்சள் கவர். ஒன்று கிழிந்து, ஒன்றில் சாம்பார், ஜீவனுடையது தண்ணீரில் ஊறிப் பாதி கஞ்சி. ஒருத்தரிடம் ஒருத்தர் காட்டி ஒரே கத்தல். குட்டி என் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

ஷீலா மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மேஜை டிராயரிலிருந்து எடுத்தார், அதே கவர். மேலே சிவப்பு மையில் ஆள் இல்லை என்று எழுதித் திரும்பி வந்திருந்தது.

"அட்மிஷன்ல ஆண்டர்சன்பேட்டைன்னு குடுத்தீங்க. புள்ள மைசூர் மைன்ஸுன்னு சொல்லிச்சு, அவ்ளோ அழகா சொல்லிச்சு, அதான் அதையே போட்டேன். வீடு மாத்திட்டீங்களாம்மா?"

இந்த மிஸ்ஸுக்கு யார் யாரைத் தெரியும்? இவர் போய் யாரிடமாவது சொல்வாரா? இந்த நினைப்பு அப்போதும் வந்தது. பிறவிக் குணம், போகாது.

"கையில குடுத்துடுங்க மிஸ், நான் குடுத்துக்கறேன்."

"நீங்க குடுத்தா அது உங்க கைக் காகிதம்மா. தன் பேரச் சொல்லி ஒருத்தர் வாசல்ல வந்து கூப்பிடணும், அதுக்காகத்தான் போஸ்ட்ல போடறதே. எல்லாப் புள்ளையும் அதத்தான் பெருமையா சொல்லுது." கவரைத் திருப்பி வைத்தார். "புதுக் கவர்ல வச்சி மறுபடி போடறேன். எந்த விலாசத்துக்குப் போடட்டும், நீங்களே சொல்லுங்க."

ஆண்டர்சன்பேட்டை என்று சொன்னால் முடிந்தது. ஒரு ஆபத்தும் இல்லை. அம்மா வாங்கி வைப்பாள். வாயைத் திறந்துவிட்டேன்.

கீழே, பின்னாலேயே வந்த குட்டி என் புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மிஸ்ஸையில்லை, என்னை. தான் எங்கே இருக்கிறோம் என்று நான் என்ன சொல்லப் போகிறேன் என்று.

"மைசூர் மைன்ஸுக்கே போடுங்க மிஸ். ஏழாவது லைன், பன்னெண்டாம் நம்பர்."

சொல்லிவிட்டேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

ராத்திரி அவரிடம் சொன்னபோது கையில் எடுத்த களி உருண்டை அப்படியே நின்றது. "மோகன்கிட்ட கேட்டியா?" கேட்கவில்லை. "ஒருவேள ஆளுங்க வந்தா?" வந்தால் வரட்டும், பிள்ளையை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? அப்புறம் உருண்டையைச் சாப்பிட்டார். தூக்கம் வரவில்லை போலிருக்கிறது, ரொம்ப நேரம் குட்டியின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அக்டோபர் 10, வெள்ளி

குழாயில் தண்ணீர் இல்லை. லாரி வந்தது.

மிஸ் லெட்டர் வரும் என்று குட்டியிடம் சொல்லிவிட்டேன். அதிலிருந்து நர்சரி விட்டு வந்ததும் வாசற்படியில் உட்கார்ந்துகொள்கிறாள். செருப்பை மறுபடி வெளியே வைத்தேன். கவுனை வெளிக்கொடியில் போட்டேன். ச. அக்கா பார்த்தாள். பார்க்கட்டும். பார்த்துவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா, "பாப்பா கவுனு நல்லா கீது, யாரு தெச்சது?" இதில் என்ன உள்குத்து என்று அரைமணி நேரம் யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

மோகனுக்குப் போன் செய்ய நினைத்தேன். செய்யவில்லை.

இன்று வரவில்லை.

அக்டோபர் 11, சனி

வெயில். தண்ணீர் வந்த நாள்.

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

கல்யாணப் பிளவுஸ் ஒன்று, அவசரம். மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். குட்டி ரோஸ் ஃப்ராக்கில் வாசற்படியில். நானே தலை வாரி, பொட்டு வைத்து உட்கார வைத்தது. வெளியே குழாயடியில் லைனே கூடி நின்றது. மெஷின் சத்தத்தில் ஸ்கூட்டர் வந்தது காதில் விழவில்லை. ஊசியில் நூல் அறுந்து, நான் காலை எடுத்தபோதுதான் போஸ்ட்மேன் குரல் கேட்டது.

"செல்வி க. மகிழினி?"

எழுந்தேன். மடியிலிருந்த துணி காலில் சுற்றிக்கொண்டது. அதை உதறுவதற்குள் கணீரென்று கேட்டது:

"அப்படி யாரும் இங்க இல்ல அண்ணா."

லெட்டர் வரும் என்று சொன்னவள் நான். ஆட்டம் முடிந்துவிட்டது என்று சொல்லவே இல்லை.

வெளியே ஓடினேன். அவன் ஸ்கூட்டரைத் திருப்பிவிட்டான். மஞ்சள் கவர் பைக்குள் போகிறது. செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கிக் கத்தினேன்.

"இருக்கா! தம்பி, நில்லு! இருக்கா! இவதான் மகிழினி! எங்க பொண்ணு! இந்த வீட்லதான் கீறோம்!"

குழாயடியில் குடம் நிரம்பி வழிகிற சத்தம் மட்டும். ச. அக்கா, அவள் தம்பி, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். போஸ்ட்மேன் இறங்கி வந்து கவரை என் கையில் கொடுத்தான். "இதுக்கு முன்னாடி இல்லன்னு சொன்னீங்களே அம்மா" என்றான். தப்பாகக் கேட்கவில்லை.

திரும்பி வந்தேன். குட்டி படியிலேயே நின்றிருந்தாள். இடுப்பில் ஒரு கை, சொல்லிக்கொடுத்தபடியே. கண் இரண்டும் கவர் மேல். கன்னமெல்லாம் கண்ணீர். ஆசைப்பட்டுக் காத்துக்கிடந்ததைக் கண் முன்னால் திருப்பி அனுப்பியிருக்கிறாள், நான் சொன்னதற்காக.

உட்கார்ந்து கவரை நீட்டினேன். அதை வாங்கவில்லை. அழுதுகொண்டே இன்னொரு கையை என் முன்னால் விரித்தாள்.

"கரெக்டா சொன்னேன்லம்மா? கடல உருண்ட குடு."